விரல் சிக்கனம்

ஜசீலா: பையைத் தொடாத.

லிஜோ: தள்ளி வைக்கலாம்னுதான்... என்ன இவ்வளவு கனம்? உள்ள அம்மிக்கல்லா?

ஜசீலா: என் சொந்த சாமான். உனக்கு வேண்டியது மேஜை மேல இருக்குல்ல, என் லேப்டாப்பு. அதைப் பாரு. மணி ரெண்டு. மூணு மணிக்கு இந்தக் கம்ப்யூட்டர் கூட்டத்துல உன் பேச்சு.

லிஜோ: பத்து நிமிஷம் போதும்டீ. பேச்சே அதுதான.

ஜசீலா: வாசல் நோட்டீசுல பார்த்தேன். "வீட்டைச் சட்டைப் பையில் கொண்டு போவது எப்படி. எந்தக் கணினியும் பத்தே நிமிடத்தில் உங்கள் கணினி. வழங்குபவர்: லிஜோ குரியாக்கோஸ், கோட்டயம்." பக்கத்துல உன் போட்டோ. தாடியை ஒரு பக்கமாத் திருப்பிக்கிட்டு.

லிஜோ: அது கூட்டம் நடத்துற ஷிபின் சேட்டன் எடுத்தது.

ஜசீலா: உன் லேப்டாப்பு எங்க, அதை முதல்ல சொல்லு. போன்ல "கடன் குடு, திருச்சூர்ல வச்சு சொல்றேன்"னு கட் பண்ணிட்ட.

லிஜோ: கோட்டயத்துல ரிப்பேர் கடையில. திங்கட்கிழமைதான் தொறப்பாங்க. மேல சுலைமானி டீ கொட்டிடுச்சு.

ஜசீலா: தானாக் கொட்டிச்சா?

லிஜோ: நேத்து ஒத்திகை பார்த்துட்டிருந்தேன். "மவுஸைத் தூக்கி எறியுங்கள்"னு ஒரு இடம் வரும். அப்ப கையை இப்படி வீசணும்...

ஜசீலா: வீசின.

லிஜோ: வீசினேன். பக்கத்துல கிளாஸ் இருந்துச்சு.

ஜசீலா: முன் வரிசையில உட்காருறவங்க கிட்ட முன்கூட்டியே சொல்லி வை.

லிஜோ: சிரிக்காதடீ. எட்டு மாசமா வேலை இல்லாம உட்கார்ந்திருக்கேன். கொச்சியிலேருந்து ராஜீவன் சார் வராரு. அவர் கம்பெனியில நானூறு மெஷின் இருக்கு, பார்த்துக்க ஒரு ஆள் வேணும். "உன் பேச்சைக் கேட்டுட்டு முடிவு பண்றேன்"னு சொல்லியிருக்காரு. இன்னிக்கு சொதப்பினா அப்பாவோட ரப்பர் ஷீட் கடையில போய் உட்கார வேண்டியதுதான்.

ஜசீலா: தெரியும். அந்த வேலைக்காகத்தான் நானும் பேச்சுக்கு எழுதிப் போட்டிருந்தேன். "இந்த வருஷம் இடமில்லை"ன்னு ரெண்டு வரியில பதில் வந்துச்சு.

லிஜோ: ...கேள்விப்பட்டேன். நிறைய பேர் எழுதியிருந்தாங்களாம்.

ஜசீலா: அப்படியா. சரி, ஆரம்பி. இப்ப என் கணக்குலதான் திறந்திருக்கு. உனக்குன்னு புதுசா ஒரு கணக்கு போட்டுக்கிட்டு அதுல உன் வீட்டைக் கட்டு. என்னோடதுல எதையும் மாத்தி வைக்காத.

லிஜோ: சரி சரி. டெர்மினல் திறந்தாச்சு... புதுக் கணக்கு... பேரு லிஜோ...

ஜசீலா: பொறு. எப்படித் திறந்த?

லிஜோ: எதை?

ஜசீலா: டெர்மினலை, கட்டளை அடிக்கிற ஜன்னலை. என் திரையில ஐகான் கிடையாது, மெனு கிடையாது, கீழ பட்டை கூடக் கிடையாது. எங்க ஸ்கூல்ல ஒருத்தரும் என் லேப்டாப்பைத் தொட மாட்டாங்க. ஹெட்மாஸ்டர் ஒரு தடவை திறந்து பார்த்துட்டு, ரிப்பேர்னு சீட்டு எழுதி ஒட்டி வச்சிட்டாரு. நீ உட்கார்ந்த உடனே திறந்துட்ட.

லிஜோ: கைப் பழக்கம்தான்.

ஜசீலா: ஊர்ல எல்லாரும் விண்டோஸ் கீயோட என்டரைச் சேர்த்து அழுத்துவாங்க. நீ என்டருக்குப் பதிலா அரைப்புள்ளியை அழுத்தின.

லிஜோ: ஆமா, நான் அப்படித்தான் வச்சிருக்கேன். உன்னோடதுலயும் அதுதானா? ஆச்சரியமா இருக்கே.

ஜசீலா: எனக்கும்தான்.

லிஜோ: அதுக்கு என் பேச்சுல தனியா நாலு பக்கம் வச்சிருக்கேன். "விரல் சிக்கனம்"னு தலைப்பு. என்டரை அழுத்தணும்னா சுண்டுவிரல் ரெண்டு கட்டம் வெளிய போயிட்டு வரணும். அரைப்புள்ளி சுண்டுவிரல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற இடம். ஒரு நாளைக்கு முந்நூறு தடவைன்னு வை. வருஷத்துக்கு எட்டு கிலோமீட்டர் மிச்சம்.

ஜசீலா: சுண்டுவிரலாலயே திருச்சூர்லேருந்து ஒல்லூரைத் தாண்டிடலாம்.

லிஜோ: கிண்டல் பண்ணு. ராஜீவன் சாருக்கு இதோட சுருக்கத்தை அனுப்பினேன், "இப்படி யோசிக்கிற ஆளுதான் வேணும்"னு பதில் போட்டாரு.

ஜசீலா: ஒண்ணு கேட்கட்டா? யோசிச்சிட்டு அப்புறம் கீயை மாத்தினியா, கீயை மாத்திட்டு அப்புறம் யோசிச்சியா?

லிஜோ: என்ன கேள்வி இது?

ஜசீலா: சும்மா. கேள்வி நேரத்துல யாராவது கேட்டா நீ என்ன சொல்லுவேன்னு பார்த்தேன்.

லிஜோ: யாரும் அப்படிக் கேட்க மாட்டாங்க... பென்டிரைவ் எங்க... இந்தா.

ஜசீலா: அது ஏறட்டும். அதுக்குள்ள ஒத்திகை பண்ணு. நான் ஒண்ணும் தெரியாத முதல் வருஷப் பொண்ணு. சார், புள்ளி ஃபைல்னா என்ன சார்?

லிஜோ: நல்ல கேள்வி மோளே. பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வச்ச ஃபைல். சாதாரணமாக் கண்ணுக்குத் தெரியாது. எந்தக் கீ அழுத்தினா எது திறக்கணும், எழுத்து எவ்வளவு பெருசு, என்ன நிறம், எல்லாம் அதுக்குள்ள எழுதி வச்சிருக்கும். அந்த ஃபைல்களைப் புது மெஷின்ல கொண்டு வச்சா அது உன் பழைய மெஷின் மாதிரியே ஆயிடும்.

ஜசீலா: உங்க திரையில ஒண்ணுமே இல்லையே சார். அதுக்கு எதுக்கு இவ்வளவு ஃபைல்?

லிஜோ: ஒண்ணும் இல்லாம இருக்கிறதுக்குத்தான் நிறைய எழுதணும்.

ஜசீலா: எவ்வளவு சார்?

லிஜோ: ...ஆறாயிரம் வரி.

ஜசீலா: எளிமைன்னா அது. பேட்டரி எவ்வளவு இருக்குன்னு எங்க சார் தெரியும்?

லிஜோ: அதை எடுத்துட்டேன். கண்ணை உறுத்துது.

ஜசீலா: போன வருஷம் ஆலுவாக் கூட்டத்துல பேச்சு நடுவுல லேப்டாப்பு அணைஞ்சது உங்களுக்குத்தானே சார்?

லிஜோ: நீ முதல் வருஷப் பொண்ணு. உனக்கு அது தெரியாது.

ஜசீலா: சீனியர்ஸ் சொன்னாங்க சார். இன்னும் சிரிக்கிறாங்க.

லிஜோ: விடு. அடுத்தது கேளு, இதுதான் முக்கியம். புள்ளி ஃபைல் எல்லாம் வீடு முழுக்க சிதறிக் கிடக்கும். அதனால நான் எல்லாத்தையும் ஒரே அறையில கொண்டு வச்சிட்டேன். அது இருக்க வேண்டிய இடத்துல ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருக்கேன், "அந்த அறையில போய்ப் பாரு"ன்னு. மெஷினு சீட்டைப் பார்த்து அறைக்குப் போய் எடுத்துக்கும். சுத்தம். ஒழுங்கு. வாராவாரம் ஒரு சின்ன ப்ரோக்ராம் எல்லாத்தையும் மூட்டை கட்டி பென்டிரைவ்ல போட்டுடும்... ஏறிடுச்சு.

ஜசீலா: அதுக்குள்ளயா?

லிஜோ: பார்த்தியா வேகத்தை? ரெண்டு செகண்டு.

ஜசீலா: மூட்டை என்ன எடை?

லிஜோ: இருநூத்திப் பதினாலு ஃபைல்... ஒம்பது கேபி.

ஜசீலா: உன் வால்பேப்பர் மட்டுமே ரெண்டு எம்பி இருக்குமே. வயநாட்டு மூடுபனி. அதுவும் மூட்டைக்குள்ளதான?

லிஜோ: உள்ளதான். நல்லா அமுங்கியிருக்கும்.

ஜசீலா: மூடுபனி அமுங்குமா? உன் கணக்குல நுழைஞ்சு காட்டு.

லிஜோ: இதோ... நுழைஞ்சாச்சு... அரைப்புள்ளி... என்ன, ஒண்ணும் வரலை. கறுப்பாவே இருக்கு.

ஜசீலா: எளிமை முத்திப் போச்சு.

லிஜோ: பேசாம இரு. உன் கணக்குலேருந்து பார்க்கிறேன்... எதைத் திறந்தாலும் "அப்படி ஒரு கோப்பு இல்லை"ங்குது. ஆனா பேரு தெரியுது. இருநூத்திப் பதினாலு பேரும் வரிசையா இருக்கு...

ஜசீலா: பேரு இருக்கு, ஆளு இல்லை.

லிஜோ: ஜசீ... இது எல்லாமே சீட்டு.

ஜசீலா: என்ன?

லிஜோ: சீட்டு மட்டும்தான் வந்திருக்கு. "அந்த அறையில போய்ப் பாரு"ன்னு இருநூத்திப் பதினாலு சீட்டு. அறை வரலை.

ஜசீலா: வீடு மாத்த லாரி பிடிச்சு, கட்டில், பீரோ எல்லாத்தையும் அங்கேயே விட்டுட்டு, சுவத்துல ஒட்டின சீட்டை மட்டும் கிழிச்சு ஏத்திட்டு வந்திருக்க.

லிஜோ: எப்படி... மூணு வருஷமா "முடிந்தது, முடிந்தது"ன்னு வாராவாரம் சொல்லிச்சே.

ஜசீலா: மூணு வருஷத்துல எத்தனை தடவை வேற மெஷினுக்குக் குடி போன?

லிஜோ: ...ஒரு தடவையும் இல்லை.

ஜசீலா: பத்து நிமிஷம்னு எப்படித் தெரியும்?

லிஜோ: என் மெஷின்லயே வேற கணக்கு போட்டுப் பார்த்தேன். ஓடிச்சு.

ஜசீலா: அறை அங்கேயே இருந்துச்சு. ஓடாம என்ன செய்யும். பக்கத்து அறைக்குக் குடி போயிட்டு பால் காய்ச்சியிருக்க.

லிஜோ: மணி என்ன?

ஜசீலா: ரெண்டு இருபது. நெட்ல வச்சிருந்தியே, ஊரே பார்க்கிற மாதிரி? அங்கேருந்து இறக்கு.

லிஜோ: எடுத்துட்டேன். ரெண்டு மாசம் ஆச்சு. பெரிய கம்பெனி இடத்துல நம்ம வீட்டு சாமானை எதுக்கு வைக்கணும்? கொள்கை. அதனால வீட்டுல டிவிக்குப் பின்னாடி சின்னதா ஒரு மெஷின் வச்சு, அதுக்கு மாத்திட்டேன்.

ஜசீலா: அப்ப வீட்டுக்குப் போன் போடு.

லிஜோ: போட்டு என்ன... அதுக்கும் இதே ப்ரோக்ராம்தான் மூட்டை அனுப்புது.

ஜசீலா: அங்கயும் சீட்டு.

லிஜோ: அங்கயும் சீட்டு. சிரிக்காத, அழுகையா வருது.

ஜசீலா: ரெண்டு மாசம் முன்னாடின்னா, பேச்சு உறுதியான வாரம் இல்லையா? கொள்கை சரியா அந்த வாரம் வந்திருக்கு.

லிஜோ: ...என்ன சொல்ல வர?

ஜசீலா: ஒண்ணும் சொல்லலை. ஷிபின் சேட்டன் வராரு, முகத்தைத் துடை.

ஷிபின்: லிஜோ மோனே, இங்கயா இருக்க? கேன்டீன்ல கடைசிப் பழம்பொரி, ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்தேன். ராஜீவன் சார் வந்தாச்சு. முன் வரிசையில நடு சீட்டு. "பத்து நிமிஷத்தைக் கடிகாரம் வச்சுப் பார்க்கப் போறேன்"னு சிரிக்கிறாரு. எல்லாம் தயாரா?

லிஜோ: ஆ... ஆயிட்டிருக்கு சேட்டா.

ஷிபின்: ஜசீலாவும் வந்திருக்கியா? ரொம்ப சந்தோஷம் மோளே. கோபம் ஒண்ணும் இல்லையே?

ஜசீலா: எதுக்கு சேட்டா கோபம்?

ஷிபின்: உன் பேச்சை எடுக்கலைன்னு. நல்லாத்தான் எழுதியிருந்த. ஆனா இவன் அனுப்பின ஃபைலும் உன்னோடதும் வரிக்கு வரி ஒரே மாதிரி. எங்களுக்கே குழப்பம். கடைசியில இவனையே கூப்பிட்டுக் கேட்டோம். இவன் பெருந்தன்மையாச் சொன்னான்.

லிஜோ: சேட்டா, அது இப்ப எதுக்கு...

ஷிபின்: இருடா, நல்லதைச் சொன்னா என்ன. "ஜசீலா என்னோடதைப் பார்த்துப் பழகினவ, தெரியாம அப்படியே எழுதியிருப்பா, அவளைத் திட்டாதீங்க"ன்னு சொன்னான் மோளே. வேற ஒருத்தனா இருந்தா சண்டைக்கு வந்திருப்பான்.

ஜசீலா: ...பெருந்தன்மைதான்.

ஷிபின்: சரி, நான் ப்ரொஜெக்டரைப் பார்க்கிறேன். மூணுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது வரேன்.

ஜசீலா: பழம்பொரி சாப்பிடு. ஆறிப் போகுது.

லிஜோ: அவரு சொல்ற மாதிரி நான் சொல்லலை ஜசீ.

ஜசீலா: எப்படிச் சொன்ன?

லிஜோ: ...ஏறக்குறைய அப்படித்தான். ஆனா திட்டாதீங்கன்னு நிஜமாவே சொன்னேன்.

ஜசீலா: நன்றி. அந்த மூட்டை கட்டுற ப்ரோக்ராம் எப்ப எழுதின?

லிஜோ: இப்ப எதுக்கு அது? மூணு வருஷம் முன்னாடி. ஓண லீவுல.

ஜசீலா: அது ஏன் அறையை விட்டுட்டு வருதுன்னு பார்த்தியா?

லிஜோ: இல்லை...

ஜசீலா: நான் சொல்றேன். அது பேருக்கு முன்னாடி புள்ளி வச்சதை மட்டும் அள்ளும். சீட்டுக்கெல்லாம் புள்ளி இருக்கு. அறையோட பேருக்குப் புள்ளி இல்லை. அதனால அறையைத் திரும்பிக் கூடப் பார்க்காது.

லிஜோ: ...நீ இன்னும் அந்த ப்ரோக்ராமைப் பார்க்கவே இல்லையே.

ஜசீலா: எதுக்குப் பார்க்கணும்? எழுதினதே நான்தான. அந்த ஓணத்துக்கு முந்தின வாரம் எழுதி நெட்ல வச்சேன். ஓணம் கழிஞ்சு ஸ்கூல் லேப்டாப்புக்கு மாறினேன், எனக்கும் இதேதான் ஆச்சு. இருநூறு சீட்டு, ஒரு சாமான் இல்லை. அன்னிக்கே ஒரு வரி சேர்த்து சரி பண்ணிட்டேன். அந்த இடைவெளியில எடுத்தவன் கிட்ட மட்டும்தான் இந்தத் தப்பு இருக்க முடியும்.

லிஜோ: தப்பு யாருக்கு வேணும்னாலும் வரலாமே.

ஜசீலா: வரலாம். அரைப்புள்ளியும் யாருக்கு வேணும்னாலும் வரலாம். ரெண்டும் ஒரே ஆளுக்கு வந்திருக்கு.

லிஜோ: ...எடுக்கிறது தப்பில்லடீ. நம்ம கூட்டத்துல எல்லாரும் எல்லாரோடதையும் எடுக்கிறதுதான். எடுக்கட்டும்னுதான வெளிய வைக்கிறோம்.

ஜசீலா: தாராளமா எடுக்கலாம். மேல ஒரு வரி இருக்கும், "இன்னார் கிட்டேருந்து எடுத்தது"ன்னு. அதை மட்டும் தொடக் கூடாது. நம்ம கூட்டத்துல இருக்கிற சட்டமே அது ஒண்ணுதான். நீ ஆறாயிரம் வரியையும் வச்சுக்கிட்டு அந்த ஒரு வரியைத்தான் எடுத்திருக்க. கண்ணை உறுத்திச்சு போல. அந்த வரியை விட்டு வச்சிருந்தா, நான் திருத்தினப்ப "லிஜோ, நீயும் மாத்திக்கோ"ன்னு சொல்லியிருப்பேன். இன்னிக்கு உன் வீடு உன் பையில இருந்திருக்கும்.

லிஜோ: இவ்வளவு நாளாத் தெரிஞ்சும் ஏன் கேட்கலை?

ஜசீலா: நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். மூணு ஓணம் போச்சு.

லிஜோ: சரி... இப்ப என்ன செய்யச் சொல்ற? மணி ரெண்டே முக்கால்.

ஜசீலா: போய்ப் பேசு. என் கணக்குலயே பேசு. எல்லாம் உன் கைக்குத் தெரிஞ்ச இடத்துலதான் இருக்கு. எழுத்து நிறம் உன்னோடது காவி, என்னோடது பச்சை, அவ்வளவுதான் வித்தியாசம். பத்து நிமிஷம் கூட வேண்டாம், ஏற்கெனவே கட்டின வீடு. ராஜீவன் சாருக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது.

லிஜோ: நிஜமாவா சொல்ற?

ஜசீலா: நான் முன் வரிசையில அவருக்குப் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். கடைசியில கேள்வி நேரம் இருக்குல்ல.

லிஜோ: என்ன கேட்பே?

ஜசீலா: சின்னக் கேள்வி.

லிஜோ: ஜசீ... இப்பவே ஒரு வரி சேர்த்துடறேன். கடைசிப் பக்கத்துல, "நன்றி: ஜசீலா"ன்னு.

ஜசீலா: எவ்வளவு பெரிய எழுத்துல?

லிஜோ: ...படிக்கிற மாதிரி.

ஜசீலா: எந்த வரிசையிலேருந்து படிக்கிற மாதிரி?

லிஜோ: எட்டு மாசம்டீ. அப்பா தினமும் காலையில கடைச் சாவியை என் பக்கத்துல வச்சிட்டுப் போறாரு. ஒரு வார்த்தை பேசுறதில்லை. சாவியை மட்டும் வைக்கிறாரு.

ஜசீலா: எனக்கும் மார்ச்சோட ஸ்கூல் வேலை முடியுது. தற்காலிகம்தான. அதை யாரு கிட்டயும் சொல்லலை. "திட்டாதீங்க"ன்னு நீ சொன்னப்ப அதையும் யோசிச்சிருக்க மாட்ட.

லிஜோ: ...தெரியாது.

ஜசீலா: தெரிஞ்சிருந்தா?

லிஜோ: தெரிஞ்சிருந்தாலும் அன்னிக்கு அப்படித்தான் சொல்லியிருப்பேன். பொய் சொல்லலை.

ஜசீலா: இன்னிக்கு நீ பேசினதுல இதுதான் முதல் உருப்படியான வார்த்தை.

ஷிபின்: லிஜோ, வா வா. மைக் போட்டாச்சு. நூத்தி இருபது பேர், வெளிய நிக்கிற அளவுக்குக் கூட்டம். ராஜீவன் சார் கடிகாரத்தைக் கழட்டி மடியில வச்சிருக்காரு.

லிஜோ: சேட்டா... நோட்டீசுல பேரு தப்பா இருக்கு.

ஷிபின்: தப்பா? குரியாக்கோஸ்தானே? நீ எழுதிக் குடுத்ததுதான் அச்சடிச்சேன்.

லிஜோ: நான்தான் தப்பா எழுதிக் குடுத்தேன். இது ஜசீலாவோட பேச்சு. ஃபைல் எல்லாம் அவளோடது. மூணு வருஷம் முன்னாடி நான் எடுத்தேன், பேரை அழிச்சேன். உங்க கிட்ட தலைகீழாச் சொன்னேன்.

ஷிபின்: ...என்னடா சொல்ற? மேடை ஏற அஞ்சு நிமிஷம் இருக்கும்போது?

லிஜோ: அவ பேசட்டும். ராஜீவன் சார் கிட்டயும் சொல்லிடுங்க. நான் ப்ரொஜெக்டர் வயரைப் பிடிச்சுக்கிறேன்.

ஜசீலா: டேய்... நிஜமாத்தானா?

லிஜோ: கையை வீசாம பிடிச்சுக்கிறேன். ஒண்ணே ஒண்ணு கேட்கட்டா? அந்த விரல் சிக்கனம் நாலு பக்கம் மட்டும் நான் உட்கார்ந்து யோசிச்சது. எட்டு கிலோமீட்டர் கணக்கு சத்தியமா என்னோடது. அதையாவது நான் பேசிக்கட்டா?

ஜசீலா: அது உன்னோடதுதான். உன் கிட்டேருந்து அதை யாரும் எடுக்க மாட்டாங்க.

ஷிபின்: இருங்க, எனக்கு ஒண்ணும் விளங்கலை. ராஜீவன் சார் அந்த அரைப்புள்ளி விஷயத்தைக் கேட்கத்தான் வந்தேன்னு சொல்றாரு. கீயும் உன்னோடதுன்னா, நீ எதுக்கு மோளே அரைப்புள்ளிக்கு மாத்தின? அவர் முதல்ல அதைத்தான் கேட்பாரு.

ஜசீலா: அந்தப் பையைத் திறந்து பாருங்க சேட்டா, என் பழைய லேப்டாப்பு. செகண்ட்ஹேண்ட்ல வாங்கினப்பவே என்டர் கீ கிடையாது, அந்த இடத்துல இப்பவும் குழிதான் இருக்கு... கேள்வி நேரத்துல எழுந்து நின்னு இதைத் தூக்கிக் காட்டணும்னுதான் ரெண்டு பஸ் மாறிச் சுமந்துட்டு வந்தேன்.